ஆடி மாதமும் ஒரு முகவரியும்: பார்ட்னர் விசா விண்ணப்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நான் மெல்பர்னில் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர். 2025 பிப்ரவரியில் என்னிடம் வந்த ஒரு தம்பதியின் விண்ணப்பத்தைப் பற்றி, அவர்கள் இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அவர்களுடைய கல்யாணம் உண்மையானது என்பதில் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இல்லை. ஆனாலும் கோப்பைப் படித்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. வந்ததில் தப்பும் இல்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் பார்த்து நடத்திவைக்கும் கல்யாணத்துக்கு விசா எடுக்கும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. அதனால்தான் இதைப் பதிந்துவைக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு அப்போது 31 வயது, ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். மனைவிக்கு 27, தென் தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. 2023 செப்டம்பரில் உறவினர் ஒருவர் மூலம் ஜாதகம் கைமாறியது. அக்டோபரில் இருவரும் முதல்முறையாக வீடியோ காலில் பேசினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கணவர் ஊருக்குப் போனார். பெண் பார்த்து, மார்கழி பிறக்குமுன் நிச்சயம் செய்துவிட்டார்கள். 2024 மே கடைசியில், வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவும் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு 18 நாள் சேர்ந்து இருந்தார்கள். ஜூன் நடுவில் கணவர் மெல்பர்ன் திரும்பினார்.

ஆகஸ்டில் 309 துணைவகை விசாவுக்கு விண்ணப்பம் போனது. வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கும் தற்காலிக பார்ட்னர் விசா இது. விண்ணப்பித்து 2 ஆண்டு ஆனதும் இதன் தொடர்ச்சியான 100 துணைவகை நிரந்தர விசாவுக்குப் பரிசீலிப்பார்கள். அந்த நிதியாண்டில் கட்டணம் 9,095 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. ஊரில் ஒரு விசா ஆலோசனை நிறுவனம்தான் தாள்களைத் தயார் செய்து பதிவேற்றியது. கல்யாணச் சான்றிதழ், பத்திரிகை, ஆல்பத்திலிருந்து 210 படங்கள், வாட்ஸ்அப் திரைப்பிடிப்பு ஐந்து, கணவரின் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும், 888 படிவத்தில் இரண்டு சாட்சி உறுதிமொழிகள். அவ்வளவுதான்.

சட்டம் என்ன கேட்கிறது

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 5எஃப் பிரிவு, கணவன் மனைவி என்றால் யார் என்று சொல்கிறது. திருமணம் செல்லுபடியாக வேண்டும். மற்ற எவரையும் விலக்கி, இருவரும் சேர்ந்து வாழும் உறுதி இருபக்கமும் இருக்க வேண்டும். உறவு உண்மையானதாகவும் தொடர்வதாகவும் இருக்க வேண்டும். சேர்ந்து வாழ வேண்டும், அல்லது பிரிந்திருந்தாலும் அது நிரந்தரப் பிரிவாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் நம் ஆட்களுக்குக் கைகொடுக்கும் வரி. கடல் தாண்டி இருப்பது குற்றமில்லை என்று சட்டமே சொல்லிவிடுகிறது.

இதை அதிகாரி எப்படி அளப்பது? 1994 குடிவரவு விதிகளில் 1.15ஏ விதி நான்கு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது: பணம், வீட்டு வாழ்க்கை, ஊரும் உறவும் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது, ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பற்று. எத்தனை படம், எத்தனை பக்கம் என்ற கணக்கு எதுவும் விதியில் இல்லை.

கடிதம்

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் கோப்பைப் படித்த அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. பதில் தர 28 நாள். அதில் நான்கு விஷயங்கள் இருந்தன.

கணவர், தாங்கள் சந்தித்தது 2023 அக்டோபர் என்று எழுதியிருந்தார். மனைவி டிசம்பர் என்று எழுதியிருந்தார். மனைவி தன் பெற்றோரோடு இருப்பதாகக் கணவர் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார், அதாவது கணவரின் பெற்றோரோடு. மனைவியின் படிவத்திலோ அவருடைய அம்மா வீட்டு முகவரி. இருவருக்கும் இடையே பணப் பரிமாற்றம் எதுவும் கோப்பில் இல்லை. இரண்டு சாட்சிகளின் உறுதிமொழிகள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன.

கணவர் என் அலுவலகத்துக்கு வந்த அன்று கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். கூட்டு வங்கிக் கணக்கு திறப்பது, உடனே டிக்கெட் போட்டு ஊருக்குப் போவது, இன்னும் 300 படம் அனுப்புவது. "எது வேணும்னாலும் பண்றேன் மேடம், அவளைக் கூட்டிட்டு வந்தா போதும்" என்றார். பயந்துபோயிருந்தார். ஆலோசனை நிறுவனத்தார் போனில் அவருக்கு வேறொரு வழியும் சொல்லியிருந்தார்கள். கடந்த ஆறு மாதத்துக்கு மாமனார் பெயரில் ஒரு கைச்சீட்டு எழுதி, பணம் மருமகளுக்குப் போனதாகக் காட்டிவிடலாமாம்.

அதை அங்கேயே நிறுத்தினேன். போலி ஆவணமோ பொய்த் தகவலோ கொடுத்தது தெரிந்தால் விசா மறுக்கப்படும், அதோடு 3 ஆண்டுத் தடையும் வரும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உண்மைக்குப் பக்கத்தில் ஒரு பொய்யை வைத்தால், அதற்கப்புறம் எதை நம்புவது என்று படிப்பவருக்குத் தெரியாது.

முரண்பாடுகள் எங்கிருந்து வந்தன

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முதல் எட்டு நாள் கணவரோடு மட்டுமே பேசினேன். பக்கத்தில் இருக்கிறார், ஆங்கிலம் வரும், சுலபம். ஒன்பதாம் நாள்தான் மனைவியோடு தனியாக வீடியோவில் பேசினேன். முகவரிச் சிக்கல் ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்தது.

கல்யாணம் முடிந்து கணவர் கிளம்பும்வரை மனைவி தன் மாமியார் வீட்டில்தான் இருந்தார். அதன்பிறகும் ஒரு மாதம் அங்கேயே. ஜூலை நடுவில் ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். சீர்வரிசையோடு வந்து அழைத்துப்போனார்கள். விண்ணப்பம் நிரப்பிய நாள் ஆகஸ்டில், ஆடி முடியுமுன். "இப்ப எங்க இருக்கீங்க?" என்று நிறுவனத்து ஆள் கேட்க, இவர் இருந்த இடத்தைச் சொன்னார். கணவரின் வாக்குமூலமோ ஜூனில் எழுதியது. இரண்டும் உண்மை. ஆடி கழிந்த பிறகு, பள்ளி தாய்வீட்டுக்குப் பக்கம் என்பதால் வாரநாளில் அங்கேயும், வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை மாமியார் வீட்டிலும் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவே 11 கிலோமீட்டர்.

இதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? புதுப்பெண் கல்யாணமாகி இரண்டே மாதத்தில் புகுந்த வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றுதான் தாளில் படும்.

சந்தித்த தேதியும் அப்படித்தான். வீடியோவில் பேசிய நாளைக் கணவர் சந்திப்பு என்று எண்ணினார். வீட்டுக்கு வந்து காப்பி கொடுத்த நாளை மனைவி எண்ணினார். என்னைக் கேட்டால் மனைவி சொன்னதே படிவத்தின் கேள்விக்குச் சரியான பதில்.

பணத்தின் கதை கொஞ்சம் நீளம். கணவர் மாதாமாதம் தன் அப்பாவின் கணக்குக்கு அனுப்புகிறார். அதில் ஒரு பகுதியை மாமியார் ரொக்கமாக மருமகள் கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளும் மருமகள் கையெழுத்தா போடுவாள்? தடயமே இல்லை. ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று வந்தது. ஆடி கழிந்து பள்ளிக்கும் இரண்டு வீட்டுக்கும் அலைவதற்காக ஸ்கூட்டி ஒன்று வாங்கியிருந்தார்கள். முன்பணம் மாமனார் கணக்கிலிருந்து, கணவர் அனுப்பிய மறுநாள். வண்டி மனைவி பெயரில். காப்பீட்டுத் தாளை எடுத்துக் காட்டச் சொன்னேன். விபத்துக் காப்பீட்டில் நாமினி என்ற இடத்தில் கணவரின் பெயர், உறவு என்ற இடத்தில் கணவர். 2024 செப்டம்பர் தேதி. விசாவுக்காக யாரும் அதை எழுதவில்லை. வண்டிக் கடையில் கேட்டார்கள், இவர் சொன்னார். எனக்கு அந்த ஒரு தாள் 210 படங்களைவிடப் பெரிதாக இருந்தது.

கடிதத்தில் இல்லாத ஒன்று

கோப்பை முழுதாகப் படிக்கும்போது கணவரின் வரிக் கணக்கில் கண் நின்றது. 2024 ஜூன் 30-இல் முடிந்த ஆண்டுக்கான கணக்கு. துணைவர் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். "அவ இங்க இல்லையே, அதான்" என்றார். பலர் செய்யும் தவறு இது. சட்டப்படி மணமானவர் எந்த நாட்டில் இருந்தாலும் துணைவர்தான்.

அதிகாரி கேட்கவில்லை. அப்படியே விட்டுவிடலாமா என்று கணவர் கேட்டார். நானும் ஒரு ராத்திரி யோசித்தேன். அந்தத் தாள் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. இன்று கண்ணில் படாதது நாளை படலாம், முடிவெடுக்கும் நாளன்றேகூடப் படலாம். அதனால் முதலில் வரிக் கணக்கைத் திருத்தி, மனைவியின் விவரத்தையும் சம்பளத்தையும் சேர்த்தார். பிறகு பழைய தாள், திருத்திய தாள், ஏன் தப்பு நடந்தது என்று நான்கு வரி, மூன்றையும் நாங்களே கொடுத்தோம்.

எதைக் கொடுத்தோம், எதை விட்டோம்

கூட்டுக் கணக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர், தமக்கென்று ஊர் வங்கியில் உள்ள என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கில் ஊரில் உள்ள மனைவியைச் சேர்க்கலாம். ஆனால் 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில்தான். முதலாமவர் இருக்கும்வரை, அதிகாரப் பத்திரம் இல்லாமல் மற்றவர் அதைக் கையாள முடியாது. கடிதம் வந்த வாரத்தில் அப்படி ஒரு கணக்கைத் திறந்தால், அது கடிதத்துக்காகத் திறந்த கணக்கு என்றுதான் தெரியும். அதற்குப் பதிலாக, இனிமேல் பணத்தை நேரே மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். வாக்குமூலத்திலும் 'இந்த மாதத்திலிருந்துதான்' என்று மறைக்காமல் எழுதினோம்.

பயணத்தைப் பற்றிக் கேட்டார். மனைவியைப் பார்க்க ஆசையிருந்தால் போங்கள், கோப்புக்காகப் போகாதீர்கள் என்றேன். மேலதிகாரி லீவு தரவில்லை. சித்திரைக்குப் போவதாக வைத்துக்கொண்டார்.

படங்களில் 198-ஐ ஒதுக்கினோம். மேடையில் நின்று எடுத்த படங்களில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மிச்சம் 12. நிச்சயத்தன்று இரு வீட்டார் தாம்பூலம் மாற்றுவது, கல்யாணம் முடிந்த மறுவாரம் மாமியார் வீட்டு அடுக்களையில் மனைவி தேங்காய் துருவும்போது கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருப்பது, இப்படி. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதினோம்.

நான் அதிக நேரம் செலவிட்டது அழைப்புப் பதிவில். கணவர் வேலை முடிந்து மாலை 5:30 ரயிலில் ஏறியதும் பேசுவார். ஊரில் அப்போது மதியம் 1 மணி, பள்ளியில் சாப்பாட்டு இடைவேளை. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய அநேகமாக எல்லா வேலைநாளிலும் 12:58, 1:03, 1:01 என்று அழைப்பு. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெல்பர்னில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். மறுநாளிலிருந்து 5:30 ரயில் ஊரில் நண்பகல் 12 ஆகிவிட்டது, மனைவி வகுப்பில். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தவறிய அழைப்பு. புதன் முதல் அழைப்பு மாலை 4:30-க்கு நகர்ந்துவிட்டது. பள்ளி விட்ட நேரம். மெல்பர்னில் இரவு 10. அதன்பிறகு மாதக்கணக்கில் அதே நேரம்தான். ஜோடனையாக ஒருவர் இப்படி ஒரு பதிவை உண்டாக்க முடியாது. மாதத்துக்கு ஒரு பக்கமாக வைத்து, அக்டோபர் பக்கத்துக்கு மட்டும் ஒரு பத்தி விளக்கம் எழுதினேன்.

தலைத் தீபாவளி அக்டோபர் 31. மாப்பிள்ளை வர முடியவில்லை. மெல்பர்னில் வேலைநாள் என்பதால் அன்று லீவு எடுத்தார். அலுவலகத்தின் லீவுப் பதிவு இருந்தது. ஊரில் விடிகாலை 4:30-க்கு மாமியார் எண்ணெய் வைக்கும்போது தொடங்கிய வீடியோ அழைப்பு 2 மணி 10 நிமிடம் ஓடியது. லீவுத் தாளையும் அழைப்புப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

வாட்ஸ்அப் உரையாடலில் எதைக் கொடுப்பது என்பதில் இருவருக்கும் கூச்சம். அந்தரங்கமாக எழுதியதை யாரும் கேட்கவில்லை, கொடுக்கவும் வேண்டாம் என்றதும் நிம்மதியானார்கள். நான் தேடியது இந்த மாதிரிப் பேச்சை:

"ஏங்க, மாமாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்துபோச்சு. வெள்ளிக்கிழமை வரும்போது வாங்கிட்டு வந்துடுறேன்."

"சரி. மழை வருதாம், ஸ்கூட்டில வராத. அப்பாவைக் கூப்பிட வரச் சொல்றேன்."

இப்படி 14 பக்கம். ஆங்கிலத்துக்கு மாற்ற, ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி (NAATI) அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். முதல் வரைவில் 'ஏங்க' வந்த இடமெல்லாம் கணவரின் பெயரைப் போட்டிருந்தார். திருத்தச் சொன்னேன். ஒன்பது மாத உரையாடலில் மனைவி ஒருமுறைகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. அதை மூடி மறைக்காமல், இது எங்கள் வீட்டு மரியாதை என்று மனைவி தன் வாக்குமூலத்தில் தன் வார்த்தையில் எழுதினார். ஆடி மாதத்தையும் அவரே எழுதினார். நான் எழுதியிருந்தால் அது விளக்கவுரையாக இருந்திருக்கும்.

சாட்சிகளைப் புதிதாக எழுதச் சொன்னோம். கணவரோடு வீட்டில் தங்கியிருந்த நண்பர், இரவு பத்து மணியானால் போனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார் என்று எழுதினார். ஊரில் பள்ளித் தலைமையாசிரியை ஒரு கடிதம் கொடுத்தார். ஆஸ்திரேலியக் குடிமகளோ நிரந்தரவாசியோ இல்லாததால் அவருக்கு 888 படிவம் பொருந்தாது. தனிக் கடிதமாகவே வைத்தோம்.

பெயரிலும் ஒரு சின்ன வேலை இருந்தது. மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சான்றிதழில் இனிஷியலாக. கல்யாணத்துக்குப் பின் அவர் பெயரை மாற்றவும் இல்லை. இரண்டு வரியில் சொல்லி முடித்தோம்.

என்ன நடந்தது

26ஆம் நாள் பதிலைப் பதிவேற்றினோம். மொத்தம் 61 பக்கம். ஏப்ரலில் கணவர் ஊருக்குப் போய் 12 நாள் இருந்தார். முடிவு வரும்வரை கோப்பில் சேர்க்கலாம் என்பதால் பயண விவரத்தையும் மூன்று படங்களையும் சேர்த்தோம்.

மே மாதம் மனைவிக்குத் தொலைபேசியில் நேர்காணல், மொழிபெயர்ப்பாளரோடு. அதற்கு முன் அவர் என்னிடம் கேள்வி பதில் பட்டியல் கேட்டார். மனப்பாடம் வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்றேன். கணவரோடு யார் யார் தங்கியிருக்கிறார்கள், வாடகையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் சொல்லிவிட்டாராம். அதற்கு முந்தைய மாதம் அப்பளம் பொரிக்கும்போது கணவரின் வலது கையில் எண்ணெய் தெறித்ததையும் சொன்னாராம். கணவரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டபோது, "தெரியாது, நான் கேட்டதில்லை" என்றாராம். நேர்காணல் முடிந்ததும் அதை நினைத்து அழுதிருக்கிறார். ஜூலையில் விசா வந்தது. ஆகஸ்டில் மெல்பர்ன் வந்து சேர்ந்தார்.

எது உதவியது என்று அதிகாரி சொல்வதில்லை. அதனால் இது வேலை செய்தது, அது செய்யவில்லை என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. மறுத்திருந்தால், 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் கணவர் முறையிட்டிருக்கலாம். ஆனால் அது இன்னொரு கட்டணம், இன்னொரு நீண்ட காத்திருப்பு. அந்த ஆண்டு ஆடியும் தீபாவளியும் அவர்களுக்குப் பிரிந்தே போயிருக்கும்.

இப்போது எப்படிச் செய்கிறேன்

முதல் நாளே இருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறேன், ஊரில் இருப்பவரிடம் முதலில். எந்த மாதம் எந்த வீட்டில் தூங்கினீர்கள் என்று தேதி வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். இரண்டு வாக்குமூலமும் வேறு வேறு நாளில் எழுதப்பட்டதா என்று பார்க்கிறேன். வரிக் கணக்கைக் கேட்காமல் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. சாட்சிகளுக்கு மாதிரி வாசகம் கொடுப்பதே கிடையாது. நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நாளை எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கல்யாணமான வாரத்திலேயே கேட்பவர்களிடம், பணத்தை நேரே மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்கிறேன். மாமனார் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது என்று சிலர் தயங்குகிறார்கள். விசாவுக்குக் கேட்கிறார்கள் என்று சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

இந்தத் தம்பதியின் இரண்டாம் கட்டம் 2026 ஆகஸ்டில். வாடகை ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் சேர்ந்துவிட்டது. மின்கட்டணம் அவர் பெயரில் வருகிறது. சமையலறை இழுப்பறையில் ஒரு நெகிழி உறை வைத்து, கைக்கு வரும் தாளையெல்லாம் அதில் போட்டுவைக்கிறார். போன தடவை பேசியபோது, பழைய ஸ்கூட்டிக் காப்பீட்டுத் தாளையும் அதில் வைத்திருப்பதாகச் சொன்னார்.